வட்டத்தில் முதல் பெயர்

சூரியன் முதலில் அங்கே எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, பிறகுதான் நம் பக்கம் வருகிறது என்பார்களே, அந்த ஜப்பான் தேசத்தில், இடுப்பில் வாள் இருப்பவன் பேசவும் இல்லாதவன் கேட்கவும் பிறந்த காலத்தில், குமோசாக்கா என்றொரு நாடு இருந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவே, செருப்பில் ஒட்டிய மண் அளவுக்குச் சின்ன நாடு. அதை ஆண்டவர் தோராமுனே பிரபு. நேரில் பார்த்தாயா என்று என்னைக் கேட்காதீர்கள். பார்த்தவன் பயத்தில் பொய் சொல்லியிருப்பான். பார்க்காத எனக்கு என்ன பயம்?

தோராமுனே பிரபு கெட்டவர் அல்ல. கோயில் விளக்குக்கு எண்ணெய் அனுப்புவார். பெற்ற தாயைத் தினமும் வணங்குவார். போர் என்றால் கொடிக்கு முன்னால் நிற்பார். ஆனால் அவருடைய குலத்துக்கு ஏழு தலைமுறையாக ஒரு சட்டம் இருந்தது. சட்டம் இதுதான்: அதிகாரிகளைத் தாண்டி நேரே பிரபுவிடம் மனுக் கொடுத்தால், மனுவில் நியாயம் இருந்தால், கேட்டது கிடைக்கும். கேட்டவர்களுக்குத் தலைமை தாங்கியவன் தலை போகும்.

“கொடுப்பது எங்கள் பெருமை. தாண்டி வந்தது உங்கள் குற்றம். இரண்டையும் ஒரே நாளில் தீர்த்துவிடுவோம்” என்று அந்தக் குலத்தின் முதல் பிரபு சொன்னாராம். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டத் தலை மீதி இருந்ததே, அதுவே பெரிய காரியம்.

அப்படிப்பட்ட தலைகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். பிரபுவின் காரியஸ்தர் கென்பெய். ஐம்பது வயது. ஒல்லியான ஆள். மூக்கு மட்டும் கூர்மை. மையை மோந்து பார்த்தே, எந்த மலைப் பைன் மரத்தின் புகைக்கரியில் செய்தது, அந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டியிருந்தது என்று சொல்லிவிடுவார். அந்தப் பறவைக்கு எத்தனை குஞ்சு என்பதை மட்டும் ஒருமுறை தப்பாகச் சொல்லிவிட்டாராம். அதற்காக மூன்று நாள் சாப்பிடவில்லை.

முதல் மனு வந்தது. மலையடி ஊர்க்காரர்கள் காட்டாற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் கேட்டார்கள். பெயர்களை வரிசையாக எழுதியிருந்தார்கள். முதல் பெயர் கிஹாச்சி. இதைக் கண்டுபிடிக்க மூக்கு எதற்கு? கென்பெய் படித்துச் சொன்னார். பாலம் கிடைத்தது. தலை போனது.

இரண்டாவது மனு வந்தது. குளிருக்கு, காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளியை மட்டும் பொறுக்கிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். இந்த முறை பெயர்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலைத்துப் போட்டிருந்தார்கள். கென்பெய் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார். தூரிகையை மையில் புதிதாகத் தோய்த்து எழுதிய பெயர் எது, மை வற்ற வற்ற எழுதிய பெயர்கள் எவை என்று பிரித்தார். தான்சோ என்ற குயவர் அகப்பட்டார். சுள்ளி கிடைத்தது. தலை போனது.

மூன்றாவது மனுவுக்கு வருவோம். கதையே அதில்தான் இருக்கிறது.

பக்கத்து நாட்டு இனுகாமி குலத்தாரின் கோட்டைக்கு இரண்டு அகழி. தோராமுனே பிரபுவின் கோட்டைக்கும் இரண்டு. சமமாக இருப்பதைவிட அவமானம் உண்டா? மூன்றாவது அகழி வெட்டச் சொன்னார். ஒரு வாத்து இந்தக் கரையில் நீந்தத் தொடங்கினால், அந்தக் கரை சேர்வதற்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிடும். அவ்வளவு அகலம். அதை நிரப்ப சாசா ஆற்றையே கோட்டைப் பக்கம் திருப்பினார்கள். அகழி நிறைந்தது. ஆற்றை நம்பியிருந்த முப்பத்தொரு ஊர்களில் நாற்றங்கால்கள் வெடித்தன.

அதன்பின் ஒரு காலையில் பிரபுவின் ஊர்வலம் பெருவழியில் வந்தது. முன்னால் முந்நூறு ஈட்டிகள். வழி நெடுக மக்கள் மண்டியிட்டு நெற்றியை மண்ணில் வைத்திருந்தார்கள். பாதை நடுவில் ஒரு பிளந்த மூங்கில் நட்டிருந்தது. பிளவில் ஒரு தாள். நட்டது யார் என்று விசாரித்தால், எல்லோர் நெற்றியும் மண்ணில் இருந்திருக்கிறது. மரியாதை கூடினால் சாட்சி குறையும்.

தாளில் ‘எங்கள் ஆற்றைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று எழுதி, கீழே முப்பத்தொரு ஊருக்கும் ஊருக்கு ஒன்றாகப் பெயர்கள். அவை வரிசையாகவும் இல்லை. கலைந்தும் இல்லை. விரித்த குடையின் கம்பிகளைப்போல, நடுவிலிருந்து வெளியே பார்த்து, வட்டமாக நின்றன. குடைக்கு எந்தக் கம்பி முதல் கம்பி?

பிரபு அரண்மனைக்குத் திரும்பி, தளபதிகள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, கென்பெய்யைக் கூப்பிட்டார்.

“மனு நியாயம்தான்” என்றார். “மூன்றாவது அகழி இல்லாவிட்டாலும் நான் பிரபுதான். ஆனால் சட்டப்படி தலை வந்த பிறகே தண்ணீர் போகும். நாற்று எத்தனை நாள் தாங்கும்?”

“மூன்று நாள், பிரபுவே.”

“அப்படியானால் உனக்கும் மூன்று நாள். தலைவன் இல்லாத மனு மனுவே அல்ல, கலகம். கலகத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அந்தக் கலகத்தை உன்னைத் தாண்டி வரவிட்டாயே, அதற்கு உன் தலை பதில் சொல்லும்.”

கென்பெய் தாளை இரு கைகளால் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். ஒரு தலை கிடைத்தால் முப்பத்தொரு ஊர் பிழைக்கும். கிடைக்காவிட்டால் ஊர்களும் போகும், தன் கழுத்தும் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அன்றைக்கு அவர் நினைத்தார்.

முதல் நாள் மையைப் பார்த்தார். மோந்தார். நாக்கு நுனியில் வைத்துக்கூடப் பார்த்தார். முப்பத்தொரு பெயருக்கும் முப்பத்தொரு மை, முப்பத்தொரு தூரிகை. ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து எழுதியிருக்கிறார்கள். எல்லாப் பெயரும் ஒரே கறுப்பு. தான்சோவின் தலை அவர்களுக்கு நன்றாகவே பாடம் சொல்லிக் கொடுத்திருந்தது.

இரண்டாம் நாள் தாளைத் திருப்பினார். அது சாதாரணத் தாள் அல்ல. மலைமேல் இருக்கும் காகக் கோயிலின் சத்தியத் தாள். ஒரு பக்கம் காகங்களை அச்சிட்டிருப்பார்கள். மறுபக்கம் எழுதுவதெல்லாம் சத்தியம். மீறினால் கோயிலில் ஒரு காகம் செத்து விழும், மீறினவன் இரத்தம் கக்குவான் என்பது அந்த நாட்டு நம்பிக்கை. வட்டத்துக்கு மேல் கீழ் இல்லை. காகத்துக்கு உண்டே! உச்சியில் இருந்த காகத்தின் அலகில் ஊசியால் ஒரு துளை போட்டு, தாளைத் திருப்பினார். ஊசி ஒரு பெயரின் பக்கத்தில், ஒரு அரிசி நீளம் தள்ளி வந்திருந்தது. ஓசென். மலையடி ஊருக்காக எழுதியிருந்த பெயர். பாலம் கேட்டுத் தலை கொடுத்த கிஹாச்சியின் மனைவி. அவர் போனபின் அந்த ஊருக்காகப் பேசுகிறவள்.

இரண்டு வீரர்களோடு கென்பெய் அங்கே போனார். நாற்றங்கால் ஆமை ஓடு மாதிரிப் பிளந்து கிடந்தது. ஓசென் ஒரு மர வாளியும் மூங்கில் அகப்பையுமாகக் குனிந்து, நாற்று நாற்றாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மலை தாண்டி ஓடும் காட்டாற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீர் அது. வந்தவர்களைப் பார்த்து மண்டியிட்டாள். வாளியைக் கீழே வைக்கவில்லை.

“இந்த மனுவுக்குத் தலைவர் யார்?” என்று கேட்டார் கென்பெய்.

“வட்டத்துக்கு ஏது ஐயா தலை?”

“காகத்தின் அலகு உன் பெயரைக் காட்டுகிறது.”

“அலகை எந்தப் பக்கம் பார்த்து அச்சிட்டார்களோ! நான் போய்க் காகத்தின் கழுத்தைத் திருப்பினேனா?” என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “ஐயா எந்த வழியாக வந்தீர்கள்?”

“பாலத்து வழியாக.”

“கால் நனையாமல் வந்தீர்களா?”

“ஆமாம்.”

“அதைக் கேட்டவர் தலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நீங்கள்தானே?”

“சட்டம் கேட்டது, அம்மா. கொடுத்தேன்.”

“சட்டம் யார் என்று கேட்டது, சரி. அவர் எதற்காகப் பாலம் கேட்டார் என்று நீங்களாவது கேட்டீர்களா?”

  மையின் ஊரையும் மரத்தின் பறவையையும் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை.

“எங்கள் மூத்த பெண்ணை அந்த ஆறு கொண்டுபோயிற்று. ஏழு வயது” என்றாள் ஓசென். “இன்னொருத்தர் பிள்ளை போகக் கூடாது என்றுதான் கேட்டார். மனுவில் அதை எழுதவில்லை. சொந்தத் துக்கத்தைப் பிரபுவிடம் காட்டுவது மரியாதை இல்லை என்றார்.”

வீரர்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

“என்னைக் கொண்டுபோவதானால் வருகிறேன்” என்றாள் அவள். “இந்த வரிசை பாதியில் நிற்கிறது. முடித்துவிட்டு வரட்டுமா, இல்லை, நீங்களே முடிக்கிறீர்களா?” அகப்பையை நீட்டினாள்.

பிரபுவின் காரியஸ்தர் அகப்பையை வாங்கலாமா? வாங்கக் கூடாது. வாங்கினார். பட்டு உடையைச் செருகிக்கொண்டு குனிந்தார். ஒரு நாற்றுக்கு அரை அகப்பை. வரிசை முடியுமுன் இடுப்பு ஒடிந்தது. நிமிர்ந்து பார்த்தால் முதலில் விட்ட நாற்று அதற்குள் மறுபடி தலை சாய்த்திருந்தது. வீரர்களையும் ஆளுக்கொரு வரிசை விடச் சொன்னார். வாளால் ஈயின் மீசையை மழிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அகப்பைத் தண்ணீரில் பாதி அவர்கள் காலிலேயே போயிற்று.

“அப்படி ஊற்றினால் உங்கள் கால் முளைத்துவிடும், தம்பி” என்றாள் ஓசென்.

கென்பெய் அவளைக் கட்டிக் கொண்டுபோகவில்லை. ஊசித் துளை சாட்சி ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் திரும்பும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக, பாலத்தின் நடுவில் நின்று கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் காகக் கோயிலுக்கு ஏறினார். மடத்துப் பெரியவர் ஜகுவான் அவரை உள்ளே அழைத்தார். பல் இல்லாத, சிரித்த முகமுள்ள துறவி.

“இங்கேதானே சத்தியம் செய்தார்கள்?” என்றார் கென்பெய்.

“இங்கேதான், அப்பா. இரண்டு தாள் எழுதினார்கள். ஒன்று பிரபுவுக்கு. ஒன்றை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, எல்லோரும் குடித்தார்கள். ஒரே சாம்பல் வயிற்றில் போனால் ஒரே வாக்கு வாயில் வரும்.”

“முதலில் குடித்தது யார்?”

“மணி அடித்தேன். முப்பத்தொரு கிண்ணமும் ஒன்றாக உயர்ந்தன. யார் முதல் என்று என் கிழக் கண்ணுக்கு என்ன தெரியும்?”

கென்பெய் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவருடைய மூக்கு வேலை செய்தது. அந்தத் தேசத்தில் மூன்று பேர் முள்ளங்கி தின்ன உட்கார்ந்தாலும் தலைமை இடம் ஒன்று உண்டு. மூத்தவர் அங்கே உட்கார்ந்தால்தான் மற்றவர் முட்டி மடங்கும். பெயரை வட்டமாக எழுதலாம். வட்டமாக எப்படி உட்காருவார்கள்? பிறந்த பழக்கம் விடுமா?

“சாமி, தலைமை இடத்தில் உட்கார்ந்தது யார்?”

“அங்கே யாரும் உட்காரவில்லை” என்றார் ஜகுவான். “புத்தர் சந்நிதிக்கு முன்னால் இருக்கிறதே, அதுதான் அந்த இடம். எங்களைவிடப் பெரியவர் பிரபு இருக்கும்போது நாங்கள் எப்படி உட்காருவது என்று முப்பத்தொரு பேரும் சொல்லிவிட்டார்கள். பிரபுவுக்குத் திண்டு போட்டார்கள். அவருக்கும் ஒரு கிண்ணம் ஊற்றி வைத்தார்கள். பெயர் எழுதும்போதும் அவருக்கு இடம் விட்டுத்தான் எழுதினார்கள். அதோ, கிண்ணம் அப்படியே இருக்கிறது.”

கென்பெய் தாளை விரித்தார். வட்டத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் காலி இடம். ஊசித் துளை சரியாக அதன் நடுவில். இரண்டு நாளாக அதைப் பார்த்தும் பார்க்கவில்லை. பெயர்களைத்தான் படித்தார். இடைவெளியை யார் படிப்பார்கள்?

அப்போது இன்னொன்றும் புரிந்தது. தலைமை இடம் தெரிந்தால், அந்தத் தேசத்து முறைப்படி அதற்கு இடப்பக்கம்தான் இரண்டாம் இடம். குடிமக்களில் முதல் இடம். காலி இடத்துக்கு இடப்பக்கத்துப் பெயர் ஓசென். தலையை மறைக்க வட்டம் போட்டவர்கள், பிரபுவுக்கு மரியாதை செய்யப் போய், தலையைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள். வேறெந்த ஊரிலும் இப்படி ஒரு தவறு நடக்காது.

ஜகுவானும் அவர் முகத்தைப் படித்துவிட்டார். சிரிப்பு உதிர்ந்தது. கிழவர் தரையில் விழுந்தார். “கென்பெய் அப்பா, இந்த ஓட்டை வாய் உளறிவிட்டது. என் தலையைக் கொண்டுபோங்கள். மொட்டைதான். அதற்கென்ன, தலைதானே!”

 கென்பெய் சந்நிதிக்கு முன்னால் இருந்த கிண்ணத்தைத் தளும்பாமல் எடுத்துக்கொண்டு மலை இறங்கினார்.

சபையில் தளபதிகள் பதவி வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். மேலே தலைமை இடத்தில் தோராமுனே பிரபு.

“கிடைத்ததா?”

“கிடைத்தது, பிரபுவே.”

“பெயர்?”

கென்பெய் தாளை விரித்து, காலி இடத்தின்மேல் கிண்ணத்தை வைத்தார். “அன்று காகக் கோயிலில் முதல் இடம் போட்டது ஒருவருக்கு. முதல் கிண்ணம் ஊற்றியது அவருக்கு. வட்டத்தில் முதலில் ஒதுக்கியது அவருக்கு. அவர் வரவில்லை. குடிமக்கள் தங்கள் கையால் அவர் பெயரை எழுதக் கூடாது என்பதால் எழுதவில்லை. ஏழு தலைமுறையாக இந்த நாட்டில் எந்தக் கூட்டத்திலும் முதல் இடம் யாருக்கு உண்டோ, அவருக்குத்தான்.”

 மூத்த தளபதி ஒருவரின் கை வாளுக்குப் போனது. பிரபு விரலை உயர்த்தினார். கை நின்றது.

“அப்படியானால் என் சட்டப்படி என் தலை” என்றார் பிரபு.

“உங்களுக்கு இதற்குமுன் இரண்டு தலை கண்டுபிடித்துக் கொடுத்தேன். யார் என்று கேட்டீர்கள். சொன்னேன். எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கிஹாச்சி பாலம் கேட்டது, ஏழு வயது மகளை ஆற்றுக்குக் கொடுத்ததால். இது எனக்கு நேற்றுதான் தெரியும்.”

பிரபுவின் முகத்தில் ஏதோ அசைந்தது. ஆனால் அவர் வாள் குலத்தில் பிறந்தவர். அவ்வளவு எளிதில் விடுவாரா?

“கென்பெய், உன்னை எனக்குத் தெரியாதா? முதல் இடம் தெரிந்த உனக்கு, அதன் பக்கத்து இடமும் தெரிந்திருக்கும். அது யார்?”

“தெரியும்” என்றார் கென்பெய்.  நெற்றியைத் தரையில் வைத்தார். “அந்தப் பெயர் என் தலைக்குள் இருக்கிறது. வேண்டுமானால் தலையை எடுத்துக்கொள்ளுங்கள், பிரபுவே. ஆனால் எடுத்த தலை பேசாது.”

அவர் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். தூரிகையைத் தோய்க்கும் சத்தம் கேட்டது. மரண ஆணை எழுதுகிறார் என்று எண்ணிக்கொண்டார். நிமிரவில்லை.

பிரபு எழுதியது ஆணை அல்ல. கிண்ணத்தை நகர்த்திவிட்டு, காலி இடத்தில் தம் பெயரை எழுதினார். பிறகு குறுவாளை உருவினார். தளபதிகள் அலறிக்கொண்டு எழுந்தார்கள்.

“உட்காருங்கள்! சட்டம் என் முன்னோருடையது. முதல் பெயர் தலை கொடுக்க வேண்டும். நான் மட்டும் எப்படித் தப்பலாம்?” என்றார். தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், குடுமியைப் பிடித்து, அடியோடு அறுத்துத் தாளின்மேல் வைத்தார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நாம் சிரிப்போம். அங்கே யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தேசத்தில் வாள் ஏந்தியவனுக்குக் குடுமி போவதும் தலை போவதும் ஒன்று. நூறு போர் பார்த்த தளபதிகள் விம்மி அழுதார்கள். அவிழ்ந்த மயிர் முகத்தில் விழ, பிரபு அந்தச் சாம்பல் தண்ணீரை, இத்தனை நாள் காத்திருந்த அந்தத் தண்ணீரை, ஒரே மூச்சில் குடித்தார்.

“சட்டத்துக்கு அதன் கடைசித் தலை கிடைத்துவிட்டது. இனிக் கேட்காது” என்றார். “கரையை உடையுங்கள்.”

பொழுது சாய்வதற்குள் சாசா ஆறு தன் பழைய வழிக்கு வந்தது. முப்பத்தொரு ஊர்களிலும் மக்கள் வரப்பில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் இருந்தார்கள்.

மூன்றாவது அகழி வற்றியது. இனுகாமி குலத்தார் இரண்டு அகழியோடும் தோராமுனே இரண்டு அகழியோடும் சமமாகவே செத்துப்போனார்கள். தோராமுனே இருந்தவரை குமோசாக்காவில் எத்தனையோ மனுக்கள் வந்தன. வரிசையாக வந்தன, கலைந்து வந்தன, வட்டமாகவும் வந்தன. பிரபு பெயர்களைக் கையால் மூடிக்கொண்டு மேலே எழுதியிருப்பதை மட்டும் படிப்பாராம். கென்பெய்யை எல்லோரும் புகழ்ந்தார்கள். அவர் ஒரு புகழையும் காதில் வாங்கவில்லை. காப்பாற்றியது ஒன்று, கொடுத்தது இரண்டு என்பதை அவர் மறக்கவில்லை. போன தலையை ஒட்டவைக்கும் பசை எந்த மரத்திலும் கிடைக்காது.

ஆகையால், கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே: குறை ஒன்று உங்கள் வாசலுக்கு வந்தால், அதை முதலில் சொன்னது யார் என்று தேடாதீர்கள், அந்தக் குறை என்ன என்று தேடுங்கள்.